யார் சொல்லிச் சேர்ந்தீர்?

பணத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் மனிதனிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எவ்வளவு போயிற்று?" என்பது ஒன்று. "யார் சொல்லிச் சேர்ந்தாய்?" என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு அவன் பெரும்பாலும் முழுத்தொகையைச் சொல்வதில்லை. வெட்கத்தினால் பாதியைச் சொல்லுவான். இரண்டாவது கேள்விக்கோ வாயே திறப்பதில்லை. ஏனெனில் அந்தப் பெயர் அவனுடைய தாய்மாமனுடையதாகவோ, தங்கை கணவனுடையதாகவோ, வளைகுடாவில் எட்டாண்டுகள் ஒரே அறையில் உடன் தங்கியவனுடையதாகவோ இருக்கும்.

கிரிப்டோ நாணய வணிகத்தின் பெயரால் நடைபெறும் மோசடிகளைப் பற்றிக் காவல்துறையும் வங்கிகளும் எச்சரிக்கைகளை வெளியிட்டவண்ணம் உள்ளன. அவற்றைத் திரும்ப எழுதுவது நம் நோக்கமன்று. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அந்த இரண்டாவது கேள்வியை மட்டுமே. நல்லெண்ணத்தோடு நாலு பேரைச் சேர்த்துவிட்டு, அவர்களோடு தானும் பணத்தை இழந்து நிற்பவன் குற்றமுடையவனா, அற்றவனா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். முன்பு திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்த நிலம் இது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகப் பிரிந்தது. கொள்ளிடக் கரையை ஒட்டிய வயல்களை நீக்கிப் பார்த்தால் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் பல குடும்பங்களின் அடுப்பு சபுராளிகளின் சம்பாத்தியத்தில் எரிகிறது.

இவ்வூர்களில் பணம் பெரும்பாலும் மொத்தமாக வருகிறது. பருத்தி விற்றபோது வரும். வெங்காயப் பட்டறையைப் பிரித்தபோது வரும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனுக்கு ஒரே முறை வரும். பயணத்திலிருந்து திரும்பியவன் கணக்கு முடித்துக் கொண்டுவருவான். மொத்தமாக வந்த பணம் சும்மா கிடந்தால் வீட்டில் எவருக்கும் உறக்கம் கொள்ளாது. முந்தைய தலைமுறை அதனை நகையாக்கிற்று, மனையாக்கிற்று, சீட்டில் போட்டது. இன்றைய தலைமுறையின் கையில் கைபேசி இருக்கிறது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் உழவர் மூட்டைகளை வண்டியேற்றித் திருச்சி மண்டிக்கு அனுப்புகிறார். எடை அங்கே போடப்படுகிறது; விலையும் அங்கே குறிக்கப்படுகிறது; தரகும் கூலியும் கழித்துத் துண்டுச்சீட்டில் கணக்கு வருகிறது. பணம் சில நாள் கழித்து வருவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது பெரிய மூடத்தனமாகத் தோன்றும். ஆனால் மண்டிக்காரர் அடுத்த ஆண்டும் அதே கடையில் உட்கார்ந்தாக வேண்டும். அவருக்கு அடுத்த ஆண்டும் வெங்காயம் வேண்டும். அவர் ஒருவரை ஏய்த்தால் அந்தச் செய்தி மறுநாட் பேருந்தில் செட்டிகுளம் வந்து சேர்ந்துவிடும். உழவருடைய நம்பிக்கைக்கு இந்த மூன்றும் ஈடாக நிற்கின்றன. மண்டியில் எடைக் குறைவே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அது கிலோக் கணக்கில் குறையுமேயன்றி, மூட்டையோடு மண்டியே மறைந்துபோவதில்லை.

நெடுநாட் பழக்கத்தினால் உழவர் இந்த ஈட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பாராமல் நம்புகின்ற அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் களவாடுகிறான். நம்பிக்கையின் முகம் முன்போலவே இருக்கும். சொல்பவன் தெரிந்தவன், சொல்லும் இடம் தெரிந்த வீடு. அடியிலிருந்த ஈடு மட்டும் இராது.

நிற்க. கிரிப்டோ நாணயம் தோன்றிய கதையில் ஒரு விந்தை உண்டு. 2008 அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஆட்டங்கண்டிருந்த நேரம் அது. ஒருவரையொருவர் அறியாத இருவர், நடுவில் வங்கியோ தரகரோ இல்லாமல், பணத்தைக் கைமாற்றிக்கொள்ள இயலுமா என்பது அக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. பேரேட்டை ஒரே இடத்தில் வைக்காமல் உலகெங்குமுள்ள கணினிகளில் படியெடுத்து வைப்பது, ஒவ்வொரு பக்கத்தையும் முந்தைய பக்கத்தோடு பூட்டிவிடுவது, புதிய கணக்கைப் பலரும் சரிபார்த்தே ஏற்பது என்பது அது கண்ட விடை. 2009 ஜனவரி 3ஆம் நாள் பிட்காயினின் முதற்பக்கம் எழுதப்பட்டது. மொத்த நாணயம் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்று விதியும் செய்யப்பட்டது. எவரையும் நம்ப வேண்டாம், கணக்கைச் சரிபார்த்தால் போதும் என்பது அதன் அன்பர்கள் விரும்பிச் சொல்லும் வாசகம்.

அந்தப் பேரேட்டைத் திருத்துவது மிகக் கடினம். திருடர்கள் அதற்காக மெனக்கெடுவதுமில்லை. உடைமை யாருடையது என்பதை அங்கே தீர்மானிப்பது ஓர் இரகசியத் திறவுகோல். அது தொலைந்தால் முறையிட மேலாளர் இல்லை. பறிபோனால் திருப்பித்தரக் கிளை அலுவலகம் இல்லை. இந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாத சாதாரண மனிதர்கள் திறவுகோலை ஒரு வணிகத் தளத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். வாசல் வழியே துரத்தப்பட்ட இடைத்தரகன் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டான் என்பது இதன் பொருள். தோக்கியோவிலிருந்த மவுண்ட் காக்ஸ் என்னும் தளம் 2014 பிப்ரவரியில் வீழ்ந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றது. அவற்றுள் 2,00,000 மட்டும் பின்னர்க் கிடைத்தன. எஃப்.டி.எக்ஸ் 2022 நவம்பரில் வீழ்ந்தது. வாடிக்கையாளர் பணத்தைத் தன் வேறு தொழிலுக்குத் திருப்பிய அதன் தலைவர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நம் நாட்டு வசீர்எக்ஸ் தளத்தில் நடந்தது சற்று விரிவாக நோக்கத்தக்கது. 2024 ஜூலை 18ஆம் நாள் அங்கிருந்து சுமார் 23 கோடி அமெரிக்க டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அந்தப் பெட்டகம் ஒருவர் திறக்கக்கூடியதன்று. பலர் கையொப்பமிட்டாலே திறக்கும். கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, உண்மையில் ஒப்பமானது வேறொன்று என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் இதனை வடகொரியாவைச் சேர்ந்தவர்களின் செயல் என்று கூட்டாக அறிவித்தன. ஒரு பூட்டுக்கு எத்தனை திறவுகோல் இருப்பினும், கண் ஒரு திரையை நம்பியே தீர வேண்டியிருக்கிறது.

களவுக்குப் பின்னர், இழப்பை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்துவிட நிறுவனம் முற்பட்டது. சென்னை முதலீட்டாளர் ஒருவர் இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். களவுபோனது வேறு வகை நாணயம், தம்முடைய எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் களவு போகவேயில்லை என்பது அவருடைய வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ நாணயம் தொட்டுணரக்கூடிய பொருளன்று, செலாவணியும் அன்று. ஆயினும் அது ஒரு சொத்து, ஒருவர் பொருட்டு இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத் தக்க சொத்து என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் மக்கள் வழக்கில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒருவன் ஒப்படைத்த பொருளை எடுத்து மற்றொருவனுடைய நட்டத்தை அடைப்பதற்கு, ஒப்படைக்கப்பட்டவனுக்கு உரிமையில்லை. இணையத்தின் மிகப் புதிய பொருளுக்கு மிகப் பழைய அறம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. வசீர்எக்ஸில் பணம் இழந்தவர்கள் மெய்யாகவே எதையோ வாங்கினார்கள். சிற்றூர்களில் "கிரிப்டோவில் போட்டேன்" என்று சொல்பவர் பலர் எந்த நாணயத்தையும் வாங்கியதில்லை. அவர்கள் கைபேசியில் ஒரு செயலி; அதில் ஓர் எண்; அந்த எண் நாள்தோறும் வளரும். முதலில் ஐயாயிரம் போட்டு ஆறாயிரமாக எடுக்க விடுவார்கள். அந்த ஆறாயிரம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த ஒலிதான் தூண்டில். பிறகு நகையை வைத்து இரண்டு இலட்சம் போட்டபின் எடுக்கப்போனால், "முதலில் வரியைக் கட்டுங்கள்" என்பார்கள். கட்டினால் "கணக்கை விடுவிக்கக் கட்டணம்" என்பார்கள். அதன்பின் வாட்ஸ்அப் குழுவே இராது.

பல்கேரியாவில் பிறந்த ருஜா இக்னாத்தோவா என்ற பெண்மணி நடத்திய ஒன்காயின், உலகெங்கும் 400 கோடி டாலர் திரட்டியது. பிட்காயினுக்கு உள்ளது போன்ற பேரேடு அதற்கு இல்லவே இல்லை. அவர் 2017 அக்டோபரில் விமானமேறி மறைந்தார். 2022இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. தேடும் முதற்பத்துப் பேர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அவருடைய கூட்டாளி கார்ல் செபாஸ்டியன் கிரீன்வுட்டுக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை. நமக்கு அண்மையில், மலப்புரம் மாவட்டத்தில் 2020இல் வெளிப்பட்ட மோரிஸ் காயின் விவகாரத்தைப் பாருங்கள். திரட்டப்பட்ட தொகை 1,200 கோடி ரூபாய் என்கிறது அமலாக்கத் துறை. நாளொன்றுக்கு 3 முதல் 5 விழுக்காடு ஆதாயம் என்பது வாக்குறுதி. மூன்று விழுக்காடு என்றே கொள்வோம். ஓர் இலட்சம் போட்டவனுக்கு நாளைக்கு 3,000. ஆண்டுக்கு 10 இலட்சத்து 95 ஆயிரம். பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. அதனை எவரும் போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. போட்டுப் பார்த்தார்கள், தங்களுக்குச் சொன்ன மனிதரின் முகத்தையும் பார்த்தார்கள், முகம் வென்றது.

எவரையும் நம்ப வேண்டாத நாணயம் என்று பிறந்தது, மச்சானை நம்பி வாங்கப்படும் நாணயமாக ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. இதுவே நாம் சொன்ன விந்தை.

இதில் கிரிப்டோவின் பங்கு என்று புதிதாக ஏதுமில்லை என்பாரும் உளர். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 விழுக்காடு தருவதாகச் சொல்லி, பின்னால் வந்தவன் பணத்தை முன்னால் வந்தவனுக்குக் கொடுத்தான். அவன் காட்டியது அஞ்சல் கூப்பன். திருப்பூர் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணியைக் காட்டியது. 2009இல் சிக்கிய அவ்வழக்கில் தொகை 930 கோடி. இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதிக்க 2022 ஆகிவிட்டது. பெருந்துறையில் ஈமுக் கோழி, 2012இல். ஆருத்ரா நிறுவனம் 2022இல் சிக்கியபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் 2,438 கோடி கொடுத்திருந்தார்கள். 2023இல் பெரம்பலூருக்குப் பக்கத்துத் திருச்சியிலேயே பிரணவ் ஜுவல்லர்ஸின் தங்கச் சேமிப்புத் திட்டம், 100 கோடி. காட்டும் பொருள்தான் மாறுகிறது என்பது மெய்யே. ஆயினும் ஈமு கொட்டகையில் நின்று தீவனமாவது தின்றது. நகைக்கடைக்குக் கதவாவது இருந்தது, அதன் முன்னே நின்று அழலாம். கிரிப்டோவில் காட்டுவதற்கே ஏதுமில்லை. ஆதலால் மோசடியின் முழுப் பாரமும் சொல்பவனுடைய வாக்கின்மீது வந்து விழுகிறது. முன்பு வாக்கு பாதி, பொருள் பாதி. இப்போது வாக்கே அனைத்தும்.

அரசு வரி வாங்குகிறதே என்பார்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. வரி வாங்குவது வேறு, பொறுப்பேற்பது வேறு. சூதில் வென்ற பணத்துக்கும் அரசு வரி வாங்கவே செய்கிறது.

வட்டியை வெறுக்கும் குடும்பங்களை வளைக்க இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள். "இது வட்டியல்ல, இலாபப் பங்கு" என்பது அது. பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஹலாலான முதலீடு என்ற பெயரில் திரட்டி, சிவாஜிநகர் அரசுப் பள்ளியைச் சீரமைக்கப் பணம் கொடுத்து நற்பெயரும் தேடிக்கொண்டு, 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் தில்லி திரும்பியபோது கைதானார். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் வட்டிக்கு அஞ்சியே வங்கியை விட்டு வந்தவர்கள். அவர்களுடைய நற்குணமே அவர்களைப் பிடித்திழுக்கும் கைப்பிடியாயிற்று. ஒன்றைக் கேட்கத் தவறினார்கள். மாதந்தோறும் இவ்வளவு என்று உறுதி கூறப்பட்டு, நட்டத்தில் பங்கே இல்லையென்றால், அதற்கு இலாபப் பங்கு என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

இனி, சேர்த்துவிட்டவனிடம் வருவோம். லப்பைக்குடிக்காட்டில் ஓர் இளைஞன் என்று கற்பனை செய்துகொள்வோம். துபாயில் மின்பணியாளன். உடன் வேலை செய்பவன் காட்டிய செயலியில் போட்டு, சிறு தொகை எடுத்தும் பார்த்தவன். விடுப்பில் வந்தபோது சொந்தத்தில் முப்பது பேரைச் சேர்த்தான். ஆளுக்கு ஓர் இலட்சம். நூற்றுக்கு ஐந்து வீதம் அவனுக்குக் கிடைத்த கழிவு ஒன்றரை இலட்சம். தானும் ஐந்து இலட்சம் போட்டிருந்தான். ஒரு காலையில் செயலி திறக்கவில்லை. அவன் மூன்று வாதங்கள் சொல்லுவான். எனக்குத் தெரியாது, நானும் இழந்தேன், நான் எவரையும் வற்புறுத்தவில்லை, அவர்களுடைய பேராசை.

கடைசி வாதத்தை முதலில் பார்ப்போம்; அதனைத்தான் ஊரும் சேர்ந்து சொல்லுகிறது. பேராசை பெருநட்டம் என்ற பழமொழியைச் சொல்லிவிட்டுப் போவது மிக எளிது. மகள் திருமணத்துக்கு வைத்திருந்த மூன்று இலட்சத்தை, தங்கம் விலையேறும் வேகத்தைக் கண்டு அஞ்சி, எதிலாவது போட்டு ஐந்தாக்கலாமா என்று தவிக்கின்ற விதவைத் தாயிடம் பேராசை எங்கே இருக்கிறது? அது அச்சம். பேராசைக்காரர்களும் இல்லாமல் இல்லை. இது ஒருநாள் கவிழும் என்று தெரிந்தே, அதற்குமுன் நாம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம் என்று கணக்கிட்டு நுழைந்தவர்கள் உளர். பின்னால் வருபவன் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேறு வகுப்பு. இந்த இருவகையினரையும் ஒரே பழமொழியில் கட்டுவது அநீதி.

தெரியாது என்ற வாதம் இன்னும் ஆழமானது. அவன் பொய் சொல்லவில்லை. "போன மாதம் எனக்குப் பணம் வந்தது" என்று சொன்னான், வந்தது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கொண்டு எதை நிலைநாட்டினான்? பணம் வந்தது என்பதிலிருந்து பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவராது. தான் நம்புகிற ஒன்றை, தான் அறிந்த ஒன்றைப் போல அவன் சொன்னான். சாட்சிக் கூண்டில் நிற்பவன், கேள்விப்பட்டதைக் கண்டேன் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. கேள்விப்பட்டது மெய்யாகவே நடந்திருந்தாலும் பொய்ச்சாட்சியே. மேலும் ஒன்று. அவனுடைய நேர்மைதான் அந்த நிறுவனத்தின் முதல். ஒரு பொய்யன் வந்து சொல்லியிருந்தால் அவனுடைய மாமியார் காதணியைக் கழற்றிக் கொடுத்திருக்க மாட்டார். மருமகன் பொய் சொல்லாதவன் என்று இருபதாண்டுகளாகச் சேர்த்துவைத்த பெயர் அங்கே செலவாயிற்று. செலவழித்தவன் அவன்.

நானும் இழந்தேன் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அண்டை வீட்டானின் மாட்டையும் தன் மாட்டையும் சேர்த்து வெள்ளம் வரும் ஆற்றில் இறக்கியவன், என் மாடும் போயிற்று என்று சொல்லலாம். அதனால் அண்டை வீட்டான் மாடு திரும்பி வந்ததாகாது. அவன்மீது இரக்கம் கொள்ளுவதற்கு அது காரணம். அவன் கடன் தீர்ந்ததற்கு அது இரசீது அன்று.

சட்டம் இதில் என்ன சொல்லுகிறது என்பதையும் பார்க்கலாம். தமிழகத்தில் முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தையே முதன்மையாகக் குறிவைக்கிறது. கட்டுப்பாடற்ற வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம், தெரிந்தே பொய்யுரைத்துப் பிறரை முதலிடத் தூண்டுவதை விலக்குகிறது. ஆனால் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978ஆம் ஆண்டுப் பழைய சட்டமோ, நடத்துவதை மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்வதையும் கலந்துகொள்வதையும்கூடத் தடுத்துவிடுகிறது. ஆள் சேர்த்துக் கழிவு தரும் திட்டம் எதுவும் அதன் வாய்க்குள் போய்விடக்கூடியது. அந்தக் கண்டிப்பு முதலில் நமக்கு மிகையாகத் தோன்றும். ஏமாந்தவனையுமா குற்றவாளியாக்குவது? ஆனால் சேர்வதும் சேர்ப்பதும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் கண்டிருந்தார்கள்.

நம் எண்ணத்தில் கோடு கிழிக்க வேண்டிய இடம் கழிவுத்தொகை. கேட்டவனுக்கு "நான் போட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னவன் ஒரு வகை. ஒவ்வொரு தலைக்கும் விலை பெற்றவன் வேறொரு வகை. கழிவு கைக்கு வந்த அந்தக் கணமே அவன் சாட்சி என்ற நிலையிலிருந்து தரகன் என்ற நிலைக்கு மாறிவிட்டான். கேட்டவர்களுக்கோ அவன் இன்னும் மருமகனாகவே தெரிந்தான். மாறியதை அவன் சொல்லவில்லை. திருச்சி மண்டியில் தரகு எவ்வளவு என்பது சீட்டிலேயே எழுதியிருக்கும். இங்கே அது மறைக்கப்பட்டது. மேலும், கொள்ளையடிக்கப்பட்ட அதே பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டதுதான் அந்த ஒன்றரை இலட்சம். அது அவன் ஊதியமன்று. முப்பது பேரின் முதலில் ஒரு பகுதி, அவன் வீட்டில் இருக்கிறது. தன் ஐந்து இலட்சத்தோடு அதனைக் கழித்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. எஞ்சிய தொகைக்கு அவன் பொறுப்பாளி என்று நாம் சொல்ல மாட்டோம். இந்தத் தொகைக்கு அவன் பொறுப்பாளியே.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசினால் நாளை எவரும் எவருக்கும் ஒரு சொல் சொல்ல மாட்டார்களே என்று அஞ்சுவோர் இருக்கலாம். அந்த அச்சம் நியாயமானது. பெண் பார்ப்பதும் வேலைக்கு அனுப்புவதும் கடை வாடகைக்குக் கிடைப்பதும் நம் ஊர்களில் ஒருவர் சொல்லித்தான் நடக்கிறது. வேலைக்கு அனுப்பும் சொல்லும் தவறிப்போவதுண்டு. 2022 அக்டோபரில் மியன்மாரின் மியாவதியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர் சென்னை வந்து இறங்கினர். 2025 மார்ச்சில் 549 இந்தியர் அப்பகுதிகளிலிருந்து விமானப்படை வானூர்திகளில் அழைத்துவரப்பட்டனர். கணினி வேலை என்ற சொல்லை நம்பிப் போய், அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்களுள் பலர். நம் கைபேசியில் இனிக்க இனிக்கப் பேசும் அந்த முகமற்ற நண்பனும், யாரோ ஒருவர் சொல்லிப் போய்ச் சிக்கியவனாக இருக்கக்கூடும்.

சொல்லே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள் என்று உழவரிடம் சொல்வதும் வீண். கணினியின் எழுத்தை அவர் எங்ஙனம் படிப்பார்? படித்துச் சொல்ல இன்னொருவரை நம்ப வேண்டும். கண்டதைக் கண்டதென்றும், நம்புவதை நம்புவதென்றும், கழிவு பெறுவதைப் பெறுவதென்றும் பிரித்துச் சொல்லுகிற சொல் போதும். "மாமு, நான் போட்டிருக்கிறேன், இதை நடத்துபவன் யார், எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சேர்ந்தால் எனக்கு ஐயாயிரம் கிடைக்கும்" என்று அந்த இளைஞன் சொல்லியிருந்தால் முப்பது பேரில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள்?

கல்லூரி மாணவர்கள் தம் வங்கிக் கணக்கைச் சில ஆயிரங்களுக்கு வாடகைக்கு விடுவதும் இதே இனத்தைச் சேர்ந்ததே. பணம் அந்தக் கணக்குகள் வழியாகத்தான் ஓடி மறைகிறது. பெயரை வாடகைக்கு விட்டவன் பணத்தைத் தொடவில்லை என்கிறான். தொட்டது அவன் பெயர்.

கவிழ்ந்த பின்னர் என்ன நடக்கிறது என்பதை ஊரில் பார்க்கிறோம். நடத்தியவர்கள் எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறார்கள். சேர்த்தவன் மட்டும் அதே தெருவில் இருக்கிறான். அவனை நாலு பேர் அடிக்கப் போவார்கள். பெரியவர்கள் நடுவில் விழுந்து, குடும்ப மானம் போகுமே, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். புகார் எழுதப்படாமலே நாள் கழியும். மோசடிக்காரன் எண்ணிவைத்த கடைசிக் கணக்கு இதுதான். உறவைக் காட்டி வாங்கிய பணத்துக்கு உறவே காவலாக நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறி ஓடுமுன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. ஒரு வாரம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தால் அது எத்தனையோ கைகள் மாறியிருக்கும்.

அந்த இளைஞன் ஒளிய வேண்டியதில்லை, அடி வாங்க வேண்டியதுமில்லை. எவரெவர், எந்நாளில், எந்தக் கணக்குக்கு, எவ்வளவு அனுப்பினார் என்பது அவனொருவனுக்கே முழுமையாகத் தெரியும். தன்னைச் சேர்த்தவன் பெயரும், தனக்குக் கழிவு வந்த கணக்கு எண்ணும் அவனிடம் உண்டு. முப்பது பேரையும் வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பெற்ற ஒன்றரை இலட்சத்தையும் அதில் எழுதி, அவர்களோடு தானும் பெரம்பலூர் மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கேட்கப்படும் "யார் சொல்லிச் சேர்ந்தீர்?" என்ற கேள்விக்கு மாமியார் பேசாமல் நிற்பார். அவன்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும்.